திருக்கைப் பூதம்

வங்கியில் நகை அடகு பிடிக்கும் பிரிவில் அரைவாசி ஆயுளைக் கழித்தவள் நான். யாருடைய கழுத்தில் எது கிடந்தாலும் முதலில் அது பித்தளை என்றுதான் நினைப்பேன். பவுண் என்று தெரிந்த பிறகு ஒத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி விட்டுப்போகாது. பால் கொண்டுவருகிறவர் சிரித்தால் இன்றைக்குத் தண்ணீர் கூட என்று நினைப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் பலாப்பழம் தந்தால் என்ன கேட்கப் போகிறார் என்று யோசிப்பேன். அப்படிப்பட்ட என்னிடம், பின்பக்க அறையை வாடகைக்குக் கேட்டு யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருவர் வந்தார். கம்பஸில் விரிவுரையாளராம். ஐரோப்பாவில் நானூறு, ஐந்நூறு வருடங்களுக்கு முன் அச்சடித்த இயற்கை நூல்களில் உள்ள விசித்திர மிருகங்களின் படங்களை ஆராய்கிறாராம்.

"என்ன மிருகம் தம்பி?" என்று கேட்டேன்.

"உலகத்தில இல்லாததுகள் அக்கா. ஆரோ சொல்லக் கேட்டும், பிழையாப் பார்த்தும் கீறி வைச்சதுகள்."

"இல்லாத மிருகத்துக்கா கம்பஸில சம்பளம் தாறாங்க?"

"ஓமக்கா," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அறையைக் கொடுக்கச் சொன்னது தங்கச்சி. மட்டக்களப்புக் கல்லடியில் அம்மா விட்டுப்போன வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குக் கலியாணம் சரிவரவில்லை. அதற்காக நான் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிந்ததும் இல்லை. தங்கச்சி என்னைவிட நன்றாக இளையவள், பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறாள். அவளுக்கும் முப்பது கடந்துவிட்டது. அவளை ஒரு நல்ல மனிதரின் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை. வந்த சம்பந்தங்களில் பாதியை நான்தான் விரட்டினேன் என்று அவள் சொல்வாள். அது அநியாயம். பாதி வராது.

பொடியன் குடிவந்து கொஞ்ச நாளில், கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கிற சாட்டில் அவர் இல்லாத நேரம் அறைக்குள் போனேன். மழை பெய்து மாதக்கணக்காகிறது என்பது அப்போது என் நினைவில் இல்லை. சுவர் முழுக்கப் படம். பன்றித் தலையும் செதிள் உடம்புமாக ஒன்று. கத்தோலிக்க ஆயர்மார் வைக்கிற தொப்பியோடு நிமிர்ந்து நிற்கிற மீன் ஒன்று. காய் காய்க்கிற மாதிரிக் கிளையில் வாத்துக் குஞ்சுகள் தொங்குகிற ஒரு மரம். உடம்பெல்லாம் இரும்புக் கவசம் பூட்டியது போல ஒரு காண்டாமிருகம். அதன் தோளில் வேண்டாத இடத்தில் இன்னொரு குட்டிக் கொம்பு. நடுவில் ஒரு பெரிய பழைய கடல் வரைபடம். நம் தீவு ஒரு மூலையில் பேரிக்காய் மாதிரிக் கிடந்தது. அதைச் சுற்றிக் கடலெல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு பூதங்கள்.

பழைய வரைபடம், அதில் மிருகங்கள், கையோடு கொண்டு திரிகிற வெளியூர் ஆள். இந்தப் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: புதையல். புதையல் தோண்டப் போய்ப் பொலிசில் மாட்டினவர்களின் கதை எங்களுக்குப் புதிதில்லை. அதற்கேற்றாற்போல இந்த ஆள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடிக்கடி வாவிக்கு அப்பால், காடும் வயலுமான வவுணதீவுப் பக்கம் போய் வந்தார்.

"என்னத்துக்குத் தம்பி அங்கால போறீங்க?"

"யானை பார்க்க அக்கா. அந்தக் காலத்தில யானையைக் காணாமலே கீறினவை தும்பிக்கையை ஊதுகுழல் மாதிரிக் கீறி வைச்சிருக்கினம். நேரில பார்த்து ஒப்பிடுறன்."

யானை பார்க்கிறவரின் சப்பாத்தில் மண் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. தங்கச்சியிடம் சொன்னேன்.

"வயல் வட்டைக்குள்ள வரம்பில நடந்தா மண் ஒட்டாம மல்லிகைப் பூவா ஒட்டும்?" என்றாள். "நீங்க ஆரைத்தான் நம்பினீங்க அக்கா? அம்மா செத்த அன்றைக்கும் டொக்டரிட்ட இரண்டு தரம் கேட்டீங்க."

அவள் அந்த ஆளுக்காகக் கதைக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. படங்களைப் பெரிதாகக் கீறித் தரும்படி அவர் அவளிடம் கேட்டிருந்தார். கம்பஸில் ஒரு கண்காட்சி வைக்கப் போகிறாராம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்துவிடுவாள். பன்றி மீனுக்குச் செதிள் செதிளாகக் கோடு போடுவாள். அவர் எதிர்க் கதிரையில் இருந்து பென்சில் சீவிக் கொடுப்பார். நான் அடுப்படியில் இருந்து இருவரையும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்பேன். பார்க்கும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஒரு நாள் கடற்கரை வாடியில் இருந்து காய்ந்த சின்னத் திருக்கை மீன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கருவாடு போடுகிற வாடிக்கு அவர் அடிக்கடி போவார். அங்கே பச்சைத் திருக்கையையும் காய்ந்ததையும் வெறுங்கையால் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாராம். அதைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் போட்டார். நான் வாயைத் திறக்க முதல் அதைக் கவிழ்த்தார். மேல்பக்கம் வெறும் திருக்கை. அடிப்பக்கம் ஒரு முகம். சுருங்கிய வாய், அதற்கு மேலே இரண்டு கண்.

"கண் இல்லை அக்கா, மூக்குத் துவாரம். கண் மற்றப் பக்கம். இதைத்தான் அந்தக் காலத்தில ஏமாத்துக்காரர் பச்சையா இருக்கேக்க வெட்டி, கழுத்தில நூல் கட்டி, செட்டையைச் சிறகு மாதிரி விரிச்சு, வாலை முறுக்கிக் காயவைச்சு, டிராகன் குஞ்சு எண்டு வித்தவை. மருந்துக் கடையளில தொங்கவிட்டிருப்பினமாம். பெரிய பெரிய படிச்ச ஆக்கள் பார்த்துப் படம் கீறிப் புத்தகத்தில போட்டிருக்கினம்."

"நம்பினாங்களா?"

"கனபேர் நம்பினவை. சிலபேருக்கு இது திருக்கை எண்டு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் படத்தைப் போட்டவை."

"தெரிஞ்ச மறுகா என்னத்துக்குப் போட்டாங்க?"

"ஒருவேளை உண்மையா இருந்திட்டால் எண்ட யோசினைதான் அக்கா."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த ஆள் பித்தளை இல்லையோ என்று எனக்குத் தோன்றியது. ஏமாற்று வேலையை இவ்வளவு ஆசையோடு விளக்குகிற ஒருவர் ஏமாற்றுக்காரராக இருக்கமாட்டார் என்று நினைத்தேன். பிறகு, அப்படி நினைக்க வைப்பதற்காகத்தான் விளக்குகிறாரோ என்றும் நினைத்தேன்.

எப்படியோ, கொஞ்ச நாள் கழித்து அவரே என்னிடம் வந்து நேராகக் கேட்டார். தங்கச்சியைக் கலியாணம் முடிக்க விருப்பம் என்றார். தங்கச்சி அறைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். கதவுக்குக் கீழே அவளுடைய கால் தெரிந்தது. நான் விசாரித்தேன். வேறு மனைவி உண்டா, கடன் உண்டா, வெளிநாட்டுக்கு ஓடுகிற எண்ணமா, அம்மா விட்ட வீட்டில் கண்ணா என்று முகத்துக்கு நேரே கேட்டேன். கோபிக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். முடிக்கிற ஆண் பெண்ணின் வீட்டுக்கு வந்துதான் இருப்பான். அதற்கும் சம்மதம் என்றார்.

சம்மதிக்காதவர் அவருடைய அம்மா. மகன் கல்லடியிலேயே இருக்கப் போகிறான் என்று கேட்டதும் அந்த மனுசி போனை வைத்துவிட்டாராம். ஏன் என்று எனக்கு விளங்கியது. மட்டக்களப்பார் என்றால் மந்திரம், மருந்து, வசியம் என்று வெளியூர்ச் சனம் காலகாலமாகக் கதைத்து வருகிறது. வேலைக்கென்று இங்கே வந்து பெண் எடுத்து நின்றுவிட்ட ஒவ்வொரு ஆணைப் பற்றியும், சோற்றில் எதையோ போட்டுக் கட்டிவிட்டார்கள் என்றுதான் அவன் ஊரில் கதை இருக்கும். எனக்குத் தெரிந்த மட்டில் அவர்களைக் கட்டிப்போட்டது மீனும் சீதன வீடும்தான். ஆனால் இதை எந்தத் தாய்க்கு விளக்குவது?

"வந்து பாக்கட்டும். எங்களப் பாத்தா மாறிருவா," என்றாள் தங்கச்சி. அந்த அம்மாவைக் கூட்டிவர அவர் யாழ்ப்பாணம் போனார். நான் காத்தான்குடிக்குப் போய்த் தங்கச்சிக்கு ஒரு சேலை எடுத்துவந்தேன்.

அவர் போன அன்றே தங்கச்சி ஒரு பச்சைத் திருக்கை வாங்கி வந்தாள். படத்தில் இருக்கிறது போலவே ஒரு டிராகன் செய்து, கண்காட்சிக்கு அவர் கையில் கொடுக்கப் போகிறாளாம். கத்தரிக்கோலால் சிறகு வெட்டினாள். கழுத்துப் போல வரக் கறுப்பு நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாள். வாய் திறந்து நிற்க ஈர்க்குத் துண்டு குத்தினாள். இலையான் மொய்க்காமல் இருக்க உப்பும் மஞ்சளும் அப்பினாள்.

"என்னகா இது, வீடெல்லாம் நாறுது," என்று கத்தினேன்.

"இரண்டு வெயில் கண்டா நாறாது. வடிவா இரிக்கில்லயா அக்கா என்ட பூதம்?"

வடிவாகத்தான் இருந்தது, சொல்லக்கூடாது. காய்ந்து சுருங்கச் சுருங்க அந்த முகம் உண்மையாகவே ஒரு பொல்லாத பார்வை பார்த்தது. பகலில் காகம் கொத்த வந்தது, பூனையும் சுற்றிச் சுற்றி வந்தது. பூனை நுழையாத அறை வீட்டில் பின் அறை ஒன்றுதான். ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி அங்கே கட்டிலுக்குக் கீழே வைத்தாள். அவர்கள் வருவதற்கு முன் எடுத்துவிடலாம் என்பது அவள் எண்ணம்.

அவர்கள் சொன்ன நாளுக்கு முதல் நாளே வந்துவிட்டார்கள். ஏன் ஒரு நாள் முந்தி வந்தார்கள் என்று எனக்கு அப்போதே சந்தேகம்தான். ஆயத்தம் இல்லாத நேரத்தில் வீட்டைப் பார்க்க ஆசைப்பட்டது அந்த அம்மா என்று பிறகு தெரிந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். தங்கச்சி பள்ளிக்கூடத்தில். அந்த அம்மா மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுசி, திருத்தமாக உடுத்தி, எடுப்பான நடை. முகம் கழுவ மகனுடைய அறைக்குப் போனார். நான் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன்.

"தம்பி, இஞ்சை ஒருக்கா வா," என்று அறைக்குள் இருந்து கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. அந்த அமைதியான குரலைக் கேட்டதும்தான் கட்டிலுக்குக் கீழே இருப்பது எனக்கு நினைவு வந்தது.

ஓடினேன். வெள்ளைத் துணி நிலத்தில் விரிந்து கிடந்தது. அதன் நடுவில் மஞ்சள் பூசி, கழுத்தில் கறுப்பு நூல் முடிச்சோடு, வாயில் ஈர்க்குக் குத்திய அந்த முகம். அந்த இடத்தில், அந்தக் கோலத்தில் கண்டபோது எனக்கே அது யாரோ வைத்த செய்வினை போலத் தெரிந்தது.

"அது தங்கச்சி செஞ்சது," என்றேன். உலகத்தில் அந்த நேரத்தில் சொல்லக்கூடாத ஒரே வசனம் அதுதான்.

"உங்கட தங்கச்சி செய்ததோ?" என்றார் அந்த அம்மா.

"இல்ல, அது திருக்கைதான் அம்மா. கருவாடு."

"கருவாட்டுக்கு ஆரும் நூல் கட்டுவினமோ? அதுவும் என்ர பிள்ளை படுக்கிற கட்டிலுக்குக் கீழ?"

நான் அறை வாசலில் நின்ற மகனைப் பார்த்தேன். இதை விளக்க உலகத்தில் அவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? திருக்கையை வெட்டுவது, கட்டுவது, காயவைப்பது எல்லாம் அவர் வாயால்தானே நாங்கள் கேட்டோம். அதே டிராகன் படம் அவருடைய தலைக்கு நேரே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, உது வந்து..." என்று தொடங்கினார். அதோடு நின்றுவிட்டார்.

அந்த அம்மா மகனைப் பார்த்துக் கேட்டார். "ஒரு வருசத்தில இடமாற்றம் எடுத்து வந்திடுவன் எண்டுதானே வெளிக்கிட்டனி? பிறகு ஏன் ராசா மனம் மாறினது?"

அவர் நிலத்தில் கிடந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் கவுண்டரில் சிலர் தங்கள் சொந்தச் சங்கிலியைத் தந்துவிட்டு, நான் உரசிப் பார்க்கும்போது திடீரென்று அது தங்கம்தானா என்று தாங்களே யோசிக்கத் தொடங்குவார்கள். அந்த முகத்தை நான் நூறு தடவை கண்டிருக்கிறேன். அது இப்போது இவருக்கு வந்திருந்தது. எனக்கு அவருடைய கன்னத்தில் ஒன்று போட வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி பையோடு வந்து நின்றாள். நிலத்தில் கிடந்ததையும் எங்கள் முகங்களையும் பார்த்தாள். முதலில் சிரித்துவிட்டாள். பிறகு பையை இறக்கி வைத்து, சுவரில் இருந்த படத்தைக் கழற்றி, பூதத்தையும் வெறுங்கையால் தூக்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். எங்கே வெட்டினாள், ஏன் நூல், ஏன் மஞ்சள், பூனைக்குப் பயந்து ஏன் கட்டிலுக்குக் கீழ் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். படத்தைப் பார்த்தார், பூதத்தைப் பார்த்தார். மெல்ல விரலால் வாலைத் தடவினார். பிறகு முழுதாகக் கையில் வாங்கிக் கவிழ்த்தார்.

"எட, திருக்கையெல்லே," என்றார். அவருக்கு வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது. கண்ணும் கலங்கியது. "பிள்ளை, குறை நினைக்காதையும். பயந்து போனன். நீர் நல்ல கெட்டிக்காரி."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தங்கச்சி பூதத்தைத் திரும்பவும் துணியில் வைத்துவிட்டு மகனைப் பார்த்து, "உங்களுக்குத்தான் செஞ்சது. எடுத்து மேசையில வைங்க," என்றாள். அவர் சிரித்தார். மேசையில் கிடந்த பேப்பரை எடுத்து விரித்து, அதால் பூதத்தைப் பொத்தி, கை படாமல் தூக்கி வைத்தார்.

மத்தியானம் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். தங்கச்சிதான் ஆக்கினாள்: குழம்புக்கு நண்டு ஆணம், முருங்கையிலைச் சுண்டல், பொரித்த மீன். நான் அந்த அம்மாவின் முகத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. உள்ளுக்குள் இன்னும் பயம் இருக்கிறதா, சோற்றைக் கிண்டிப் பார்க்கிறாரா என்பதே என் கவலை. அவர் நண்டுக்காலை உடைத்து உறிஞ்சிச் சாப்பிட்டார். இரண்டாம் தரம் ஆணம் கேட்டு வாங்கினார். போகும்போது தங்கச்சியின் தலையைத் தடவி, தாலிக்குப் பொன்னுருக்க நல்ல நாள் பார்க்கச் சொன்னார். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. ஒரு கலியாணம் இப்படித் தப்பிப் பிழைத்துக் கரை சேர்ந்துவிட்டதே என்று சாமிப் படத்துக்கு முன் நின்று அழுதேன்.

அவர் தாயை பஸ் ஏற்றப் போனார். தங்கச்சி பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எனக்கு இந்தக் கலியாணம் வேணாம்."

"விசரா உனக்கு?"

"அவர் அதைத் தொடயில்ல."

"கை மணக்கும் எண்டு தொட்டிருக்கமாட்டார் புள்ள."

"வாடியில நாள் முழுக்கத் திருக்கை புரட்டினவர். அப்ப மணக்கயில்லயா?"

"திடீரெண்டு கண்டா ஆரும் திகைப்பாங்கதானே. நானே திகைச்சன். மனிசன் ஒரு நிமிசம் தடுமாறினதுக்கு ஒரு வாழ்க்கையை விடுறதா?" இவ்வளவு நாளும் அந்த ஆளைப் புதையல்காரன், புளுகன் என்று சொல்லித் திரிந்த நான்தான் அப்போது அவருக்காக மன்றாடினேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"சாப்பிடக்குள்ள நீங்க அவட முகத்தைப் பாத்துக்கொண்டு இருந்தீங்க. நான் அவரைப் பாத்தன். அம்மா ஒரு வாய் வெச்சு, சாப்பிட்டு, இன்னொரு வாய் வெக்கிற வரைக்கும் அவர் சோத்தில கையை வெக்கயில்ல அக்கா."

"பெரியவங்க முதல்ல சாப்பிடட்டும் எண்டு மரியாதைக்கு இருந்திருப்பார்."

"இருக்கலாம்," என்றாள். "அப்பிடியும் இருக்கலாம். அந்த இருக்கலாமோட நான் எத்தினை வருசம் சோறு ஆக்குறது?"

பின்னேரம் அவர் திரும்பி வந்ததும் அவளே கூப்பிட்டு வைத்துச் சொன்னாள். அவர் சண்டை பிடிக்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. அந்த மாதத்தோடு படங்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு அறையை விட்டுப் போனார். காரணம் கேட்காமல் ஒரு மனிதர் போனாரே என்றுதான் எனக்கு இன்றைக்கும் அந்தரமாக இருக்கிறது.

சில நாள் கழித்து அந்த அம்மா எனக்குப் போன் எடுத்தார். குரல் உடைந்திருந்தது.

"நான் ஒருத்தி கண்ட இடத்தில கையை வைச்சு, வாய்க்கு வந்ததைக் கதைச்சு, நல்ல பிள்ளையை இழந்து போனன். என்னாலதானே பிள்ளை வேண்டாம் எண்டவ? சொல்லுங்கோ."

மகன் என்ன சொல்லி வைத்திருந்தாரோ தெரியாது. உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மனுசியை அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை.

"நீங்க இல்லம்மா," என்றேன். "நீங்க சாப்பிட்டீங்க."